முதுகுப்பையும் கைத்துப்பாக்கியும்: மலையேற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவில் ஒரு மதியம். பாதையோரப் பாறையில் பைகளை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். கூட வந்த நண்பரின் ஏழு வயது மகள், "மாமா, முறுக்கு உங்க பையிலதானே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே என் பையின் மேல் ஜிப்பைத் திறக்கப் போனாள். அந்த அறையில்தான் தோட்டா நிரப்பிய என் கைத்துப்பாக்கி இருந்தது. பாய்ந்து போய்ப் பையைப் பிடுங்கினேன். குழந்தை பயந்து அழுதுவிட்டாள். எட்டு வருடம் ஆகிறது, அந்த ஜிப் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

என்னிடம் உரிமம் இருந்தது. வகுப்புக்குப் போயிருந்தேன், மாதாமாதம் சுட்டுப் பழகினேன். ஆனால் ஊருக்குள் சட்டைக்கடியில் மறைத்து வைத்துப் பழகிய பழக்கத்தில் பாதி, முதுகில் 15 கிலோ ஏறியதும் உதவாமல் போகிறது. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தனியாகப் போகிறவர்களும் குடும்பத்தோடு போகிறவர்களுமாக நம்மவர்கள் பலர் இப்போது அங்கே மலையேறுகிறார்கள், சிலர் துப்பாக்கியும் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் விசா விஷயம். இதில் தவறினால் மற்றதைப் பேசிப் பயனில்லை. ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. மாநிலச் சட்டம் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் இந்தத் தடை போகாது. தண்டனை 15 ஆண்டுச் சிறை வரை போகலாம், நாடுகடத்தலும் வரலாம். கிரீன் கார்டு உள்ள நண்பர், "கொஞ்ச நேரம் இதை உன் பையில வெச்சுக்கோ" என்று கொடுத்தால்கூட வாங்காதீர்கள். வைத்திருந்தாலே குற்றம்தான், அது யாருடையது என்பது இதில் கணக்கில்லை.

சரி, உரிமை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே வைப்பது? பைக்குள் வைப்பதுதான் முதல் தவறு, நான் செய்ததும் அதுதான். அவசரத்தில் எடுக்க முடியாது என்பது சின்னக் குறை. பை ஒரு நாளில் இருபது தடவை முதுகை விட்டு இறங்கும் என்பதுதான் பெரிய குறை. சாப்பிட, தண்ணீர் பிடிக்க, ஓடையில் கால் நனைக்க, புதருக்குப் பின்னால் ஒதுங்க என்று இறக்கி இறக்கி வைப்போம். ஒவ்வொரு முறையும் துப்பாக்கி நம் கையை விட்டுப் போகிறது. பையை நண்பர் எடுத்து நகர்த்துவார், குழந்தை திறக்கும், வேறு யாரோ தூக்கிக்கொண்டே போய்விடலாம். பையின் இடுப்புப் பட்டையில் துப்பாக்கி உறையை மாட்டுகிறவர்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். போதாததற்கு, பையைத் தரையில் போடும்போது குழல் யாரைப் பார்த்துத் திரும்புகிறது என்றே தெரியாது.

அதற்காக ஊரில் செய்வது போல வலது இடுப்பில் கால்சட்டைக்குள் செருகினால் வேறு தொல்லை. நல்ல முதுகுப்பையின் பாரம் பெரும்பாலும் இடுப்பு எலும்பில்தான் இறங்கும். அதற்கான தடித்த பட்டை துப்பாக்கியின் பிடிமேல் சரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பட்டையைக் கழற்றாமல் எடுக்க முடியாது. நாள் முழுக்க அழுத்தி இடுப்பில் தோல் உரிந்துவிடும். வலி பொறுக்காமல் மனிதர் நடுவழியில் துப்பாக்கியை உருவி இடம் மாற்றுவார். களைத்த, வியர்த்த கைகளால் அதைத் தொடுகிற அந்த நிமிடத்தைத்தான் நான் கரடியைவிட அதிகம் அஞ்சுகிறேன். காலையில் உறைக்குள் போன துப்பாக்கி சாயங்காலம்வரை உறைக்குள்ளேயே இருக்கும்படியான ஏற்பாடு வேண்டும்.

எனக்குச் சரிப்பட்டது மார்புப் பைதான். முதுகுப்பையின் தோள்பட்டைகளுக்கு அடியில், தனக்கென்று தனிப் பட்டையோடு நெஞ்சில் நிற்கும் ஜிப் வைத்த சின்னப் பை. முதுகுப்பையைக் கழற்றினாலும் இது உடம்போடு இருக்கும். பார்க்க கேமரா பை மாதிரி இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. உட்கார்ந்து எழும்போது விழாது, கழிப்பிடத்துக்கும் இது நல்லது. ஆனால் உள்ளே விசைக் காவலை (விசையைச் சுற்றியுள்ள வளையம்) முழுக்க மூடும் கெட்டியான உறை இருந்தே ஆக வேண்டும். அதே அறையில் சாவி, பேனா, லிப் பாம் எதுவும் கூடாது. உறை இல்லாமல் சும்மா போட்டால், விசையில் மாட்ட ஒரு சாவி போதும்.

மழைக்கோட்டின் இடுப்புக் கயிறும் அதன் நுனியிலுள்ள பிளாஸ்டிக் குமிழும் இன்னொரு எதிரி. துப்பாக்கியை உறைக்குள் திரும்ப வைக்கும்போது அந்தக் குமிழ் விசைக் காவலுக்குள் நுழைந்து விசையை அழுத்தி, துப்பாக்கி வெடித்துவிடலாம். கயிறுகளை வெட்டிவிடுங்கள், அல்லது உள்ளே தைத்துவிடுங்கள். அப்புறம் கைத்தடிகள். அவற்றின் மணிக்கட்டுப் பட்டைக்குள் கையை நுழைத்து நடக்கிறவர்களுக்கு அவசரத்தில் இரண்டு கையும் கட்டிப்போட்ட மாதிரிதான். காலித் துப்பாக்கியை வைத்து, தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, முழுப் பையும் தடியுமாக வீட்டிலேயே பத்து நாள் பழகிப் பாருங்கள். எது இடிக்கிறது என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

சட்டத்தில் பலரும் சறுக்குவது எல்லைக் கோட்டில். 2010 பிப்ரவரி 22 முதல் தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். அந்தந்த மாநிலம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஸ்மோக்கி மலைமுகட்டின் மேல்தான் டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் எல்லை. பூங்காவுக்குள் அப்பலாச்சியன் பாதை என்ற நெடுந்தூர நடைபாதை சுமார் 70 மைல் தூரம் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே போகிறது. டென்னசியில் 2021 ஜூலையிலிருந்து கைத்துப்பாக்கி கொண்டுபோக அனுமதிச் சீட்டு கட்டாயமில்லை. வட கரோலினாவிலோ மறைத்து வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும், காவலர் நிறுத்தினால் இருப்பதை நாமே முந்திச் சொல்ல வேண்டும், உடம்பில் மதுவும் இருக்கக் கூடாது. ஒரு வேர் தாண்டிக் கால் வைத்தால் சட்டம் மாறிவிடும். இந்தச் சட்டங்கள் மாறிக்கொண்டும் இருப்பவை. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இரண்டு மாநிலங்களின் அரசு இணையதளங்களையும் பாருங்கள். கீழே செரோகி பழங்குடி மக்களின் நிலத்துக்குள் போனால் அவர்களுக்கென்று தனிச் சட்டம். அப்பலாச்சியன் பாதை முழுக்கப் போகிறவர் 14 மாநிலங்களைக் கடக்கிறார், நியூ ஜெர்சியும் நியூயார்க்கும் அதில் அடக்கம். என்னைக் கேட்டால் அவர் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே நல்லது.

பூங்காவின் பார்வையாளர் மையம், ரேஞ்சர் (பூங்காக் காவலர்) அலுவலகம் ஆகியவை கூட்டரசுக் கட்டடங்கள். வரைபடம் வாங்கவோ கழிப்பறைக்கோ துப்பாக்கியோடு உள்ளே நுழைந்தாலும் குற்றம். வாசலில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள், சுகர்லேண்ட்ஸ் மையத்துக்குப் போனால் பார்க்கலாம். கொண்டுபோகும் உரிமை சுடும் உரிமையும் ஆகிவிடாது. பூங்காவில் குறி பார்த்துப் பழகுவது, பாம்பை விரட்டச் சுடுவது எல்லாம் தண்டனைக்குரியவை.

பலர் துப்பாக்கி தூக்குவதற்குக் காரணம் கரடி. ஸ்மோக்கியில் சுமார் 1,900 கருங்கரடிகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் கரடி ஸ்பிரேயை (கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய்க் காரத் தெளிப்பு) விட்டுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் எடுத்துப் போவது பெரிய தவறு. அலாஸ்காவில் ஸ்பிரே அடித்த சம்பவங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமின்றித் தப்பியிருந்தார்கள். அதே ஆய்வாளர்கள் 2012-இல் துப்பாக்கிச் சம்பவங்களைப் பார்த்தபோது, சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயமடையும் வாய்ப்பில் வேறுபாடு தெரியவில்லை. ஓடி வரும் மிருகத்தைக் குறி பார்ப்பது அவ்வளவு கடினம். ஸ்பிரேயை வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் அதற்கும் தடை உண்டு.

இரவுத் தங்குமிடத்தில் முன்பின் தெரியாதவர்களோடு படுக்க வேண்டிவரும். அங்கே எடுத்துக் காட்டுவதும் துடைப்பதும் வேண்டாம். ஜிப் போட்ட பையிலேயே, தினமும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

வீடு திரும்பியதும் தோட்டாவை இறக்கி, வியர்வைக் கறை போகத் துடைத்து எண்ணெய் போட்டு, பூட்டில் வையுங்கள். பயணத்துக்குக் கொண்டுபோன பைகள் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொரு அறையையும் கையால் துழாவுங்கள். அடுத்த மாதம் அதே பையோடு விமான நிலையத்துக்குப் போவோம். 2023-இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் 93 சதவீதத்தில் தோட்டா இருந்தது. பிடிபட்டவர்களில் ஏராளமானோர் சொன்ன பதில், பைக்குள் இருந்ததே மறந்துவிட்டது என்பதுதான்.