ஊர்ப் பேச்சில் தீர்ந்த வழக்கைக் கோர்ட்டில் முடிப்பது எப்படி?

ஊர்க் கூட்டத்திலோ ஜமாத்திலோ பேசி முடித்து, இரண்டு தரப்பும் கைகொடுத்துப் பிரிந்த அடிதடி வழக்கு கோர்ட்டில் அப்படியே உயிரோடு இருக்கும். முத்திரைத்தாளில் எழுதி ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் மாஜிஸ்திரேட் கோப்பில் அது ஏறாது. "அதான் சமாதானமாகிட்டோமே" என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் பிடிவாரண்ட் வரும். தொண்டி, கீழக்கரைப் பக்கத்துப் பையன்கள் பலருக்கு வளைகுடா வேலை கைகூடி, பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ் வரும்போதுதான் வழக்கு இன்னும் இருப்பதே தெரியவருகிறது.

முதல் வேலை, எப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை இரண்டின் நகலையும் கையில் வைத்துப் பிரிவுகளைப் படிப்பது. எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்பதை அந்த எண்கள்தான் சொல்லும். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா. அதற்கு முந்தியவை பழைய இந்திய தண்டனைச் சட்டம்.

கடற்கரையில் வலை அறுந்த தகராறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கையால் அடித்தது 115(2), வழிமறித்தது 126(2): இவற்றை அடிபட்டவரே மாஜிஸ்திரேட் முன் சமரசம் செய்துகொள்ளலாம், அனுமதி தேவையில்லை. எலும்பு முறிந்து 117(2) போட்டிருந்தால் கோர்ட் அனுமதியோடு முடிக்கலாம். எதெதைச் சமரசம் செய்யலாம் என்ற அட்டவணைகள் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359-ஆம் பிரிவில் உள்ளன. அப்படி முடிந்தால் அது விடுதலைக்குச் சமம். மக்கள் நீதிமன்றத்திலும் இவ்வகை வழக்குகளைத்தான் முடிக்க முடியும்.

ஆனால் நம் ஊர் எப்.ஐ.ஆர்.களில் கெட்ட வார்த்தை பேசியதற்கு 296(பி) அநேகமாக இருக்கும். கத்தியோ கம்போ எடுத்திருந்தால் 118(1). இவை இரண்டும் அந்த அட்டவணைகளில் இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலே மாஜிஸ்திரேட்டால் முழு வழக்கையும் முடிக்க முடியாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அதே நடைமுறைச் சட்டத்தின் 528-ஆம் பிரிவின் கீழ் ரத்து மனு போட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுதான் 482. ரத்து செய்யும் அதிகாரம் உண்டு என்பதை 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்றவற்றில் சமரசம் செல்லாது. ராஜஸ்தானில் குடும்பத்தார் சமாதானம் சொன்னதால் ரத்தான ஒரு போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் சட்டம்) வழக்கை 2024-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உயிர்ப்பித்தது. சிறுபிள்ளைக்கு நடந்த கொடுமையைப் பணம் கொடுத்துப் பேசி முடிக்க யார் வந்தாலும் அந்தப் பேச்சில் உட்காராதீர்கள். கொலை முயற்சி வழக்கில் காயம் உடம்பில் எங்கே பட்டது, என்ன ஆயுதம் என்று கோர்ட் பார்க்கும். பிரிவை மட்டும் வைத்து முடிவு சொல்லாது.

கூட்டுச் சமரச மனு எழுதுவதில்தான் அதிகம் பிசகுகிறது. புகார் கொடுத்தவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. காயம்பட்டவர் நாலு பேர் என்றால் நாலு பேரும் போட வேண்டும். எதிர்வழக்கு இருந்தால் அதற்கும் தனி மனு, இரண்டும் ஒரே நாளில் வருவது நல்லது. ஒன்றை மட்டும் முடித்தால் மற்றவர் கையில் பிடி இருந்துகொண்டே இருக்கும். ஆதாரில் உள்ள பெயரும் எப்.ஐ.ஆரில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒத்துப்போகிறதா பாருங்கள். வேறுபட்டால் "இருவரும் ஒருவரே" என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள்.

வாசகம் இப்படி இருந்தால் போதும்: "இரு தரப்பாரும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள். பெரியவர்கள் முன்னிலையில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, பிரச்சினையைப் பேசித் தீர்த்துக்கொண்டோம். வழக்கை ரத்து செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை." சிலர் "தவறுதலாகப் பொய்ப் புகார் கொடுத்துவிட்டேன்" என்று எழுத வைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். பொய்ப் புகார் கொடுப்பது தனிக் குற்றம். நாளைக்கு அந்த வரியே அவரைக் கோர்ட்டில் நிறுத்தும். சாட்சிக் கூண்டில் பிறழ்சாட்சி சொல்லச் சொல்வதும் அதே ஆபத்துதான்.

நஷ்டஈடு பேசியிருந்தால் தொகையை மனுவில் எழுதி, டி.டி.யாக எடுத்து, மதுரையில் கோர்ட் முன்னிலையில் கொடுங்கள். முன்கூட்டி ரொக்கமாகக் கொடுத்தால் புகார்தாரர் வாய்தாவுக்கு வராமல் போவதுண்டு. கடைசியில் தருகிறேன் என்றால் கொடுக்காமல் இழுப்பதும் உண்டு.

விசாரணை நாளில் இரு தரப்பும் அசல் ஆதாரோடு நேரில் நிற்க வேண்டும். வழக்கறிஞர்களும் ஸ்டேஷன் போலீஸும் அடையாளம் காட்டுவார்கள். நீதிபதி புகார்தாரரை "மிரட்டினார்களா?" என்கிற மாதிரி கேட்பார், மிரட்டல் இருந்தால் அதைச் சொல்வதற்கான இடமும் அதுதான். ராமேஸ்வரத்திலிருந்து வருபவர்கள் விடியுமுன்பே கிளம்பிவிட வேண்டும். விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் கையெழுத்து வாங்க ஏற்ற நேரம். எல்லோரும் கரையில் இருப்பார்கள். ஆனால் மே மாதம் உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை, அதைக் கணக்கில் வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் காணொலியில் தோன்ற முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

தள்ளிப்போடாதீர்கள். சம்பவம் நடந்த கொஞ்ச காலத்தில் வந்த சமரசத்தைக் கோர்ட் தாராளமாகப் பார்க்கும். சாட்சி விசாரணை முடிந்து தீர்ப்பு நெருங்கும்போது வந்தால் தயங்கும். இதை 2014-இல் நரிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பணம் இல்லை என்று நிறுத்த வேண்டாம்: சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும், பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது.

உத்தரவு வந்த பிறகு சான்றிட்ட நகல் மூன்று வாங்குங்கள். ஒன்று மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு, ஒன்று ஸ்டேஷனுக்கு, ஒன்று உங்கள் பெட்டிக்கு. வாரண்ட் நிலுவையில் இருந்தால் திரும்பப் பெறவும், பிடித்துவைத்த போனோ வல்லத்து என்ஜினோ இருந்தால் அதை வாங்கவும் அங்கேயே மனு கொடுங்கள். சில வாரம் கழித்து, உங்கள் வழக்குக்கென்றே தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டு, "முடிக்கப்பட்டது" என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். நிலுவை என்றே காட்டினால் நகலோடு மறுபடி கோர்ட் அலுவலகத்துக்குப் போய் ஏற்றச் சொல்லுங்கள்.