அறுபதுக்குப் பிறகும் கொலு: மூன்று படி, மூன்று மாலை

நவராத்திரிக்கு வைக்கும் ஒன்பது படி கொலுவில் உடம்பை வாட்டுவது பொம்மை அல்ல. பரணிலிருந்து பெட்டி இறக்குவது, ஸ்டூலில் ஏறி மேல்படி அடுக்குவது, ஒன்பது மாலையும் யார் வருவார்களோ என்று புடவை மாற்றிக் காத்திருப்பது, இந்த மூன்றுதான். கொலுவைச் சுருக்கும்போது முதலில் இவற்றில் கை வையுங்கள்.

படி ஒற்றைப்படையில் இருந்தால் போதும், மூன்றும் ஒற்றைப்படைதான். மெத்தையை எடுத்துவிட்ட ஒற்றைக் கட்டிலைச் சுவரோரம் போடுங்கள். கட்டில் பலகையே முதல் படி, தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி. அதன் மேல் எட்டு அங்குல உயரத்தில் இரண்டாம் படி, பதினாறு அங்குலத்தில் மூன்றாம் படி. உச்சிப் படி மூன்றடிக்குள் அடங்கிவிடும், கை தோளுக்கு மேல் போகவே வேண்டாம். படிகளுக்கு ஐந்தடி நீளம், பத்து அங்குல அகலம், 18 மி.மீ. கனத்தில் இரண்டு பிளைவுட் துண்டுகளை மரக்கடையிலேயே அறுத்து வாங்கிவிடலாம். 12 மி.மீ. வாங்கினால் நடுவில் தொய்யும், பொம்மைகள் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். தாங்கலுக்கு, காலியான பொம்மைப் பெட்டிகளே போதும்: பலகைக்கு மூன்று இடத்தில், இரு ஓரமும் நடுவும். பிளாஸ்டிக் மூடியின் நடுப்பகுதி அமுங்கும், ஆகவே மூடியைக் கழற்றிவிட்டு விளிம்பின் மேல் பலகையை வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் பெட்டி அடுக்கினால் இடையில் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போடாமல் விடாதீர்கள், வழுக்கும்.

துணி விரிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தளர்வாகக் கிடக்கும் வேட்டியில் மண் பொம்மை நேராக நிற்காது. பலகையை ஒட்டி இழுத்து, அடிப்பக்கம் பைண்டர் கிளிப் போடுங்கள்.

அடுக்கும்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடி பின்வரிசையை முதலில் வையுங்கள், எடுக்கும்போது முன்வரிசையை முதலில். கனமான மண் பொம்மைகள் கீழே, காகிதக்கூழ் பொம்மைகள் மேலே. ஐந்தடிப் பலகையில் வரிசைக்கு எட்டுப் பொம்மை தாராளமாக நிற்கும், ஆக இருபத்தைந்துக்குள் முடித்துக்கொள்ளலாம். மரத்தில் செதுக்கிய மரப்பாச்சி ஜோடியும், கடை வைத்திருக்கும் செட்டியார் பொம்மையும் கட்டாயம். மீதியில் இந்த வருஷம் தசாவதாரம், அடுத்த வருஷம் கல்யாண செட் என்று மாற்றிக்கொண்டே போனால் எல்லாப் பெட்டியையும் திறக்க வேண்டாம். வருஷம் ஒரு புதுப் பொம்மை என்ற வழக்கத்தை விட மனசில்லையா? உள்ளங்கை அளவில் வாங்குங்கள், அதற்கு ஈடாகப் பெரியது ஒன்றை மகளுக்கோ பக்கத்து வீட்டுப் புது மருமகளுக்கோ கொடுத்துவிடுங்கள்.

கலசம் மேல்படியில்தான் என்பது பல வீட்டு வழக்கம். ஆனால் தினமும் பூ மாற்ற வேண்டியது அதற்குத்தான். பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்துக்கொண்டால் எட்டிப் பிடிக்க வேண்டாம். தண்ணீருக்குப் பதில் அரிசி நிரப்பினால் சிந்துமோ என்ற கவலையும் இல்லை.

குனிந்து கோலம் போட முடியாதவர்கள் மணையை மேசை மேல் வைத்து மாக்கோலம் இழைத்து, நன்றாகக் காய்ந்தபின் கீழே இறக்கலாம். டைல்ஸ் தரையில் ஈரக்கோலம் வழுக்கும், விளக்கிலிருந்து சிந்தும் எண்ணெய் அதைவிட மோசம். குத்துவிளக்கை விளிம்பு உள்ள தாம்பாளத்தில், முந்தானை படாத மூலையில் வையுங்கள். சீரியல் லைட் வயர் நடைபாதையைக் குறுக்கே கடக்கக் கூடாது. ஜமக்காளத்தின் மடிந்த ஓரம் காலைத் தடுக்கும், வருகிறவர்களுக்கும் முழங்கால் வலி இருக்கும். ஆறு நாற்காலி போட்டுவிடுங்கள்.

அழைப்பு: வெள்ளி, சனி, ஞாயிறு, மாலை ஐந்து முதல் ஏழு. வாட்ஸப்பில் நேரத்தோடு அனுப்பிவிடுங்கள். நேரம் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, அவர்களுக்கும் நாலு வீடு இருக்கிறது. மற்ற நாட்களில் விளக்கும், சின்னக் கிண்ணத்தில் நைவேத்தியமும், ஆரத்தியும் போதும்.

சுண்டலுக்குக் கணக்கு: 250 கிராம் கொண்டைக்கடலை வெந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, கைக்கு ஒரு சின்னக் கப் வீதம் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வரும். மூன்று மாலைக்கும் சேர்த்து 750 கிராமை வியாழன் இரவே ஊறப்போடுங்கள். எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறியதும் உப்புப் போட்டு, குக்கரை நிரப்பாமல் இரண்டு ஈடாக, நான்கைந்து விசில். பழைய கடலை என்றால் இன்னும் இரண்டு கூடும். வெந்ததும் தண்ணீரை வடித்துத் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து, சீக்கிரம் பிசுபிசுத்துப் புளித்துவிடும். ஒரு பங்கை அன்றைக்கு எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் தனித்தனி டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அன்றன்று மாலை நாலரைக்குத் தாளித்து, நன்றாகச் சூடாகும்வரை பிரட்டினால் போதும். தேங்காயும் மாங்காயும் பரிமாறும்போதுதான். சுண்டல் ஊசிப்போவது பெரும்பாலும் மதியமே சேர்த்த தேங்காயால். பச்சைப்பயறு இந்த ஏற்பாட்டுக்குச் சரிவராது, ஒரு விசில் கூடினாலே குழைந்துவிடும்.

தாம்பூலப் பைகளில் மஞ்சள், குங்குமம், பாக்கு, ரவிக்கைத் துணி, நாணயம் ஆகியவற்றை முந்தின வாரமே போட்டு வைக்கலாம். வெற்றிலையை மட்டும் ஈரத்துணியில் சுற்றி வைத்து, கொடுக்கும்போது இரண்டிரண்டாக எடுங்கள். தேங்காய்க்குப் பதில் ஒரு சாத்துக்குடி: மூட்டை சுமப்பது உங்களுக்கும் மிச்சம், வாங்கிப் போகிறவருக்கும் மிச்சம்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்த பிறகு, மறுநாளே எல்லாவற்றையும் கட்டி முடிக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஒரு நாளைக்கு ஒரு படி வீதம் எடுங்கள். பொம்மையைப் பழைய பருத்தித் துணியில் சுற்றிப் பிறகு செய்தித்தாள். நேராகச் செய்தித்தாளில் சுற்றினால் மை பொம்மையின் வெளிர் நிறப் பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்துருண்டை பெயின்ட்டைத் தொடக் கூடாது, சின்னத் துணி முடிச்சில் போடுங்கள். ஒரு பெட்டி ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். உள்ளே இருப்பதைப் போட்டோ எடுத்து மூடியில் ஒட்டி, பரணுக்கு அனுப்பாமல் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிடுங்கள்.