முப்பது வயதுக்கு மேல் சிலம்பம்: எங்கிருந்து ஆரம்பிப்பது

ஆசை இருந்தும் "இந்த வயசுல போய் கம்பு சுத்துறதா" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானே கம்பைத் தொட்டது 38 வயதில்தான். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வலது தோள் இறுகிப்போய், முதுகைச் சொறியக்கூடக் கை எட்டாத நிலையில் போய்ச் சேர்ந்தேன்.

சிலம்பம் கையால் ஆடுகிற ஆட்டம் என்றுதான் வெளியிலிருந்து பார்க்கும்போது தோன்றும். உள்ளே போனால் முதலில் சொல்லித்தருவது காலடி. எங்கள் ஆசான் மூன்று வாரம் கம்பே கொடுக்கவில்லை. முன்னால் ஏறு, பின்னால் வாங்கு, பக்கவாட்டில் விலகு, திரும்பு, மறுபடியும் முதலிலிருந்து. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சில மாதம் கழித்து மழை நாளில் வீட்டுப் படியில் வழுக்கியபோது, நான் யோசிப்பதற்குள் அடுத்த கால் தானாகப் போய் ஊன்றி முழங்கால் மடங்கி உடம்பைத் தாங்கிக்கொண்டது. அந்த மூன்று வாரம் எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதனால் எங்கே சேர்வது என்று தேடும்போது, பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் போய் ஓரமாக நின்று பாருங்கள். புதிதாக வந்தவர்களின் காலை ஆசான் திருத்துகிறாரா, ஆடுகிறவர்களுக்கு நடுவே இரண்டு கம்பு நீளமாவது இடைவெளி விடுகிறாரா, அடிபட்ட பிள்ளையை உட்கார வைத்துக் கவனிக்கிறாரா என்று பாருங்கள். முதல் நாளே கையில் கம்பைக் கொடுத்து மேடை நிகழ்ச்சிக்குத் தயார் செய்கிற இடமாக இருந்தால் நான் சேர மாட்டேன். தரை மண்ணாக இருந்தால் ரொம்ப நல்லது, வெறுங்காலோடு சிமென்ட் தரையில் மாதக்கணக்கில் ஆடினால் முழங்கால் கேள்வி கேட்கும். ஏற்கெனவே தோளிலோ முட்டியிலோ தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு, ஆசானிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கம்பு வாங்குவது பெரிய வேலையில்லை. நேராக நிறுத்திப் பிடித்தால் உங்கள் நெற்றி உயரம் வந்தால் போதும். மூங்கிலும் உண்டு, பிரம்பும் உண்டு. பிரம்பு வளைந்து கொடுக்கும், சட்டென்று பிளக்காது. ஆடுவதற்கு முன் ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள், சிலாம்பு ஏறினால் அன்றைய பயிற்சி அதோடு போச்சு.

சரி, இப்போது முதல் சுற்று. கம்பு முதல் வாரத்தில் காது மடலில் படும், முழங்கையில் படும், முக்கியமாகக் கணுக்கால் எலும்பில் நன்றாகப் படும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பயத்தில் கம்பை இறுக்கிப் பிடிப்பது. இறுக்கினால் மணிக்கட்டு திரும்பாது, மணிக்கட்டு திரும்பாவிட்டால் தோள் அந்த வேலையைச் செய்யப் பார்க்கும், கம்பு வட்டத்தை விட்டு உடம்புக்குள் வந்துவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருக்க, மற்ற விரல்கள் திறந்து மூடட்டும். சரியாக வருகிறதா என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஆரம்பத்தில் சத்தம் விட்டு விட்டு வரும். மணிக்கட்டு இளகிய நாளில் ஒரே சீராக விர்ரென்று கேட்கும், அந்தச் சத்தத்தை முதல்முறை கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

வலக்கையில் 50 சுற்று என்றால் இடக்கையில் 70 சுற்றுங்கள். இதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. ஆனால் என் இறுகிய தோள் இளகியதும், எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிற பழக்கம் குறைந்ததும் இரண்டு கையும் சமமாக வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான்.

அப்புறம் ஜோடிப் பயிற்சி. எதிரில் நிற்பவர் மெதுவாகத்தான் வீசுவார், இருந்தாலும் கம்பு முகத்தை நோக்கி வரும்போது கண் மூடிக்கொள்ளும், எல்லோருக்கும் அப்படித்தான். மூடாமல் பார்க்கப் பழகுவதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆனது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தால் கண்ணும் மூடும், மூச்சை விட்டால் கண் திறந்திருக்கும், இதை ஆசான் சொல்லிச் சொல்லித்தான் பிடிபட்டது. ஆபீசில் யாராவது குரலை உயர்த்திப் பேசும்போது அதே மாதிரி மூச்சை விட்டு அவர் முகத்தைப் பார்க்க வருகிறது. முன்பெல்லாம் நான் பாதியிலேயே எகிறிவிடுவேன்.

தற்காப்பு பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கத்தியோடு வருகிறவனை அடித்து வீழ்த்துவோம் என்ற நினைப்பில் யாரும் வராதீர்கள். ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான், கை எங்கே போகிறது, நமக்கு விலக வழி எந்தப் பக்கம் என்று பார்க்கிற பழக்கம் வரும். அதை வைத்துக்கொண்டு அங்கிருந்து கிளம்பிவிடுவதுதான் தற்காப்பு.

பிள்ளைகளைச் சேர்க்கிற பெற்றோர் பலர் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் இருப்பதைக் கேள்விப்பட்டு வருகிறார்கள். தப்பில்லை. ஆனால் சான்றிதழ் கணக்கை மட்டுமே வீட்டில் பேசினால் பிள்ளைக்குக் கம்பு வெறுத்துவிடும். முடிந்தால் நீங்களும் கூடச் சேருங்கள். எனக்குத் திரும்பு காலடியைத் திருத்தியது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "குதிகாலைத் தூக்குங்க மாமா" என்று அவள் சொன்னது இப்போதும் ஆடும்போது காதில் விழுகிறது.

வீட்டில் பழகுவதற்குத் தினமும் 20 நிமிடம் போதும். மொட்டைமாடியில் ஆடினால் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள். ஆசான் இன்னும் கிடைக்கவில்லை என்றாலும் நாளைக் காலையே கம்பில்லாமல் ஆரம்பிக்கலாம்: தோளையும் மணிக்கட்டையும் சுழற்றி உடம்பைச் சூடாக்கிவிட்டு, வெயில் ஒரு தோளில் படும்படி, சுவர் மறு தோள் பக்கம் இருக்க நில்லுங்கள், முழங்காலை லேசாக மடித்து இரண்டு அடி முன்னால், இரண்டு அடி பின்னால். சுவரில் விழுகிற நிழலில் தலை மேலும் கீழும் ஆடாமல் ஒரே உயரத்தில் போகிறதா என்று பாருங்கள். ஆடினால் முழங்காலை இன்னும் கொஞ்சம் மடியுங்கள்.