பரிஸில் பிள்ளைகளிடம் போகிறவர்கள் ஒரு பிரெஞ்சுக் கிராமத்தைப் பார்ப்பது எப்படி?

மட்டக்களப்பிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் பிரான்ஸுக்குப் போகும் தாய் தகப்பன்மார் ஈஃபில் கோபுரத்தையும் லா சப்பல் கடைத்தெருவையும் பார்ப்பார்கள். மிச்ச நாளெல்லாம் மாடி வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். கல்லடியில் இருந்து மகளிடம் போய்வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு நாளாவது ஒரு சின்னக் கிராமத்துக்குப் போங்கள். நமக்கு அது முழுக்க அந்நியமான மண்ணும் அல்ல. 1895இல் நம் பக்கம் வந்த இயேசு சபைக் குருமார் பிரெஞ்சுக்காரர். புனித மிக்கேல் கல்லூரியைக் கட்டியெழுப்பிய பொனெல் அடிகளாரும் பிரெஞ்சு இயேசு சபைக் குருதான்.

முதல் தடவைக்கு ஓவேர் சூர் உவாஸ் நல்லது. ஓவியர் வின்சென்ட் வான்கோ தன் கடைசி நாட்களைக் கழித்த ஊர். லா சப்பலுக்குப் பக்கத்திலேயே உள்ள கார் து நோர் நிலையத்தில் எச் வழி ரயில் எடுத்து, இடையில் ஒருமுறை மாறினால் போய்விடலாம். எல்லா வலயங்களுக்கும் செல்லும் நவிகோ பயண அட்டை இருந்தால் தனி டிக்கெட் வேண்டாம். திங்கட்கிழமை போகாதீர்கள், பல இடங்கள் பூட்டிக் கிடக்கும். பகல் 12 மணிக்கும் கடைகளை அடைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள், ஆகவே சோற்றுப் பொதி கையில் இருக்கட்டும். செப்டெம்பர் மூன்றாம் வார இறுதியில் அங்கே இருந்தால் அதை விடவேண்டாம். 1984 முதல் நாடெங்கும் மரபுரிமை நாட்கள் நடக்கின்றன. மற்ற நாளில் பூட்டியிருக்கும் கதவுகள்கூட அன்றைக்குத் திறக்கும்.

எந்தக் கிராமமானாலும் நான் முதலில் தேடிப் போவது போர் நினைவுக்கல்லை. ஏறக்குறைய எல்லா ஊரிலும் மாநகரசபை போன்ற அவர்களுடைய ‘மேரி’ கட்டடத்துக்கு முன்னாலோ, கிறிஸ்தவக் கோயிலடியிலோ, சேமக்காலையிலோ அது நிற்கும். 1914 முதல் 1918 வரை நடந்த போரில் பிரான்ஸ் ஏறத்தாழ 14 இலட்சம் படைவீரர்களை இழந்தது. கல்லைத் தூரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். கிட்டப் போய் பெயர்களை மேலிருந்து கீழே வாசியுங்கள். பிரெஞ்சு தெரியத் தேவையில்லை. ஒரு கிராமத்துக் கல்லில் ஒரே குடும்பப் பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று தடவை வந்தது. பொன்பூச்சு போய், வெட்டிய பள்ளம் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது. கீழே 1939 முதல் 1945 வரையான பட்டியல் அநேகமாகச் சிறியதாக இருக்கும். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் எப்படி இருக்கும் என்று நம் ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தப் பெயர்களை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால், அதே பெயர்கள் கல்லறைகளிலும் தெருப் பலகைகளிலும் திரும்பவும் கண்ணில் படும்.

ஓவேரில் மேரி கட்டடத்துக்கு நேர் எதிரே ரவூ விடுதி. வான்கோ தங்கிய, 1890 ஜூலை 29 அன்று உயிர்விட்ட அறை அதன் கூரைக்கடியில் இருக்கிறது. மிகச் சின்ன அறை, வெளிச்சம் கூரைச் சாளரத்தால் மட்டும் வருகிறது. குளிர்காலத்தில் விடுதியை மூடிவிடுவார்கள், போகுமுன் பிள்ளைகளிடம் சொல்லி விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மேட்டுக் கோயில். 12, 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம். முன்வாசலில் நின்றுவிடாமல் பின்பக்கம் சுற்றிப் போங்கள், வான்கோ வரைந்தது அந்தப் பக்கத்தைத்தான். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஓவியத்தின் படத்தை வைத்திருக்கிறார்கள். படத்தில் இடப்பக்கப் பாதையால் ஒரு பெண் முதுகு காட்டிப் போகிறாள். ஆறுதலாக நின்று படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பாருங்கள். மூல ஓவியம் பரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று: 1905ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் கட்டிய ஊர்க் கோயில்கள் பெரும்பாலும் உள்ளூராட்சிக்குச் சொந்தம். பூசை வைப்பவர் குருவானவர், கூரை ஒழுகினால் பார்க்கவேண்டியவர் மேயர்.

கோயிலைத் தாண்டி மேலே நடந்தால் வயல்வெளி, அதன் ஓரத்தில் சேமக்காலை. மதிலோரம் இரண்டு சாதாரணக் கற்கள், இரண்டின் மேலும் ஒரே பச்சைக்கொடி படர்ந்திருக்கும். ஒன்று வின்சென்ட், மற்றது தம்பி தியோ. தியோ 1891இல் நெதர்லாந்தில் இறந்தவர். அவருடைய மனைவி 1914இல் அவரை இங்கே கொண்டுவந்து அண்ணனுக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு அந்த ஊரில் பெரிய இடம் இதுதான்.

வேறு கிராமங்களுக்குப் போனால் பழைய உடுப்புத் தோய்க்கும் கொட்டிலையும் விசாரியுங்கள், ‘லவ்வார்’ என்று கேட்டால் காட்டுவார்கள். தண்ணீர்த் தொட்டியின் சரிந்த கல் விளிம்பில் பெண்கள் முழங்காலிட்டுத் தோய்த்த இடம் அது.

யாரைக் கண்டாலும் முதலில் ‘போன்ஜூர்’ சொல்லுங்கள், அதைச் சொல்லாமல் கேள்வி கேட்டால் முகம் மாறிவிடும். திரும்பும் வழியில் பிள்ளைகளின் பிரெஞ்சுச் சிநேகிதர் வீட்டுக்குப் போவதாக இருந்தால் செவ்வந்திப் பூ வாங்கிக்கொண்டு போகாதீர்கள். நவம்பர் 1ஆம் திகதி கல்லறைகளில் வைக்கும் பூ அது. ரோசா வாங்குங்கள்.