வானியல் படிக்க வேண்டுமா? இயற்பியலில் சேருங்கள்

இந்தியாவில் இளநிலையில் தனி வானியல் பட்டம் அரிது. அதனால் பி.எஸ்ஸி. இயற்பியலோ, ஐசர் (IISER) எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்போதான் வழக்கமான வழி. ஐசருக்கு ஐ.ஏ.டி. நுழைவுத்தேர்வு உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி.யின் ஐந்தாண்டு இரட்டைப் பட்டத்தில் வானியலும் ஒரு பிரிவு, அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசை வேண்டும்.

பலர் சறுக்குவது கணிதத்தில்தான். வகைக்கெழுச் சமன்பாடுகளையும் நேரியல் இயற்கணிதத்தையும் முதலாண்டிலேயே கரைத்துக் குடியுங்கள். நட்சத்திரப் பெயர்களைப் பிறகு மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டில் பைத்தான் நிரல்மொழியும் அதில் வானியலுக்கான ஆஸ்ட்ரோபை தொகுப்பும் கற்று, தொலைநோக்கியின் சிசிடி கேமரா எடுத்த ஒரு படத்தைச் சுத்தம் செய்து பாருங்கள். பயஸ் (ஒளி படாமல் மிகக் குறைந்த நேரத்தில் எடுக்கும் வெற்றுப் படம்) 10, ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) 10 எடுத்து, தனித்தனியே இடைநிலை மதிப்பில் (மீடியன்) ஒன்றாக்குங்கள். பயஸை நட்சத்திரப் படத்திலிருந்தும் ஃப்ளாட்டிலிருந்தும் கழியுங்கள். பிறகு ஃப்ளாட்டை அதன் சராசரியால் வகுத்து, அதைக் கொண்டு படத்தை வகுக்க வேண்டும். ஃப்ளாட்டில் பயஸைக் கழிக்க மறந்தால், தூசியின் வடை வடிவ வளையங்கள் போகாமல் நிற்கும். வெளிச்ச அளவும் பிசகும். 16 பிட் கேமராவில் ஃப்ளாட்டின் அளவு 30,000 அருகே இருந்தால் நல்லது. 65,535ஐத் தொட்டால் அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்கள்.

மூன்றாம் ஆண்டில் ஜாம் (எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கு), ஜெஸ்ட் (ஆய்வுப் படிப்புச் சேர்க்கைக்கு) தேர்வுகளுக்குத் தயாராகுங்கள். கேள்விகள் பெரும்பாலும் இயற்பியலே.

காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம், மேகம்தான் தெரியும்.