வெயில் ஊர் என்றால் கெட்டி ஆயிலா? சின்ன கார் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நம்ம ஊர் வெயிலுக்கு இந்தத் தண்ணி ஆயிலெல்லாம் தாங்காது சார், 20டபிள்யூ-40 ஊத்திடலாம்." ஷெட்டில் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது. சொல்பவர் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அம்பாசடர் காலத்து எஞ்சினுக்கு அது நல்ல ஆலோசனைதான், இப்போது ஓடும் ஸ்விஃப்டுக்கும் அமேஸுக்கும் அது பொருந்தாது, அவ்வளவுதான்.

எஞ்சின் சூடேறியதும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை 90 டிகிரி பக்கத்தில் பிடித்து வைத்துவிடும், அதனால் ஊட்டியில் ஓட்டினாலும் மே மாத வேலூரில் ஓட்டினாலும் ஆயிலின் சூடு பெரும்பாலும் 90க்கும் 110க்கும் நடுவில்தான் நிற்கும். வெளியே பத்து டிகிரி கூடுவது நமக்குத்தான் பெரிய விஷயம், உள்ளே இருக்கும் ஆயிலுக்கு இல்லை.

அடுத்தது கேனில் இருக்கும் எண்ணைத் தப்பாகப் படிப்பது. 0டபிள்யூ-20 என்றால் கெட்டித்தன்மையே இல்லாத ஆயில் என்று பலர் நினைக்கிறார்கள். டபிள்யூ என்பது விண்டர், அதாவது அதற்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு மட்டும்: 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். பின்னால் வரும் எண்தான் 100 டிகிரி சூட்டில் இருக்கும் கெட்டித்தன்மை. கெட்டித்தன்மையைச் சென்டிஸ்டோக் என்ற அலகில் அளக்கிறார்கள், எண் கூடினால் கெட்டி. அங்கே 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக், 30 என்றால் 9.3 முதல் 12.5, 40 என்றால் 12.5 முதல் 16.3. ஆக, 0டபிள்யூ-30, 10டபிள்யூ-30 இரண்டும் எஞ்சின் சூடான பிறகு ஒரே வரம்புக்குள்தான் இருக்கும்.

சரி, மைனஸ் 30 நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் ஏறக்குறைய 60 சென்டிஸ்டோக், 100 டிகிரியில் 10 சொச்சம். அதாவது சென்னையில் காலையில் சாவியைத் திருப்பும்போதுகூட, ஆயில் எஞ்சின் எதிர்பார்ப்பதைவிடக் குறைந்தது ஐந்தாறு மடங்கு கெட்டியாகத்தான் கிடக்கிறது. அதற்கு மேல் 20டபிள்யூ ஊற்றினால் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை ஏற இன்னும் தாமதமாகும். ஆயில் பிரஷர் கூடுகிறதே, நல்லதுதானே என்பார்கள். பிரஷர் கூடுவதாலேயே ஆயில் அதிகம் ஓடுகிறது என்று ஆகாது, ஓர் அளவுக்கு மேல் போனால் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு இருக்கும் எஞ்சின்களில் அந்த மாற்றத்தைச் செய்வதே ஆயில் பிரஷர்தான், அந்தச் சிறு துவாரங்கள் வழியாகக் கெட்டி ஆயில் போனால் அந்த வேலையும் மந்தமாகும். மைலேஜ் கொஞ்சம் குறைவது தனி.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. புதுசு, லேட்டஸ்ட் என்று 5டபிள்யூ-30 கேட்கும் பழைய எஞ்சினில் 0டபிள்யூ-16 ஊற்றுவது. அவ்வளவு மெல்லிய படலத்தை வைத்து அந்த பேரிங்குகளை யாரும் வடிவமைக்கவில்லை. 0டபிள்யூ-16க்குத் தனித் தரமும் தனி முத்திரையும் கொடுத்து வைத்திருப்பதே இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான்.

ஆயில் குறைகிறதா? உடனே கெட்டி ஆயிலுக்குத் தாவாமல் முதலில் கசிவு, வால்வு சீல், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு மூன்றையும் பாருங்கள். நிறைய ஓடித் தேய்ந்த எஞ்சினில் ஒரு படி மேலே போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் மேனுவல் அனுமதிக்கும் எண்ணுக்குள் இருக்கட்டும்.

எண் பொருந்தினால் போதும் என்பதும் தப்பு. புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் உள்ள பிஎஸ்6 டீசல் காருக்கு 5டபிள்யூ-30 என்று மட்டும் பார்த்து ஏதோ ஒன்றை ஊற்றினால், அதில் சாம்பல் அளவு அதிகமாக இருந்து ஃபில்டர் மெல்ல மெல்ல அடைக்கும். மேனுவல் எந்தத் தரத்தைக் கேட்கிறதோ அது கேனில் அச்சாகியிருக்க வேண்டும். பைக் ஆயில் மிச்சம் இருக்கிறதென்று காருக்கு டாப் அப் செய்யாதீர்கள், அது ஈர கிளட்சுக்காகத் தயாரித்தது.

காரின் பெயரை மட்டும் சொல்லி ஆயில் வாங்கவும் வேண்டாம். 2015 ஸ்விஃப்ட் பெட்ரோலில் நாலு சிலிண்டர், 2024இல் வந்த புதிய ஸ்விஃப்டில் மூன்று, எஞ்சினே வேறு. உங்கள் காரின் மேனுவலைப் பாருங்கள், சில கார்களில் ஆயில் மூடியிலேயே எண் இருக்கும்.

கடைசியாக, 3.5 லிட்டர் கேன் வாங்கினோம் என்பதற்காக முழுவதையும் கவிழ்க்காதீர்கள். பல சின்ன கார்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. கொஞ்சம் குறைத்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்துச் சேர்க்கலாம், மிச்சத்தை டிக்கியில் வைத்தால் அடுத்த டாப் அப்புக்கு ஆகும்.