விமான நிறுவனத்தின் காலாண்டு முடிவைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூலை–செப்டம்பர் காலாண்டில் இண்டிகோவுக்கு 2,582 கோடி ரூபாய் நட்டம் என்று செய்தி வந்தது. முந்தைய ஆண்டு இதே காலாண்டில் நட்டம் 987 கோடிதான். நட்டம் இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது, நிறுவனம் சரிகிறது என்று பலர் முடிவு கட்டினார்கள். ஆனால் அன்னியச் செலாவணி மாற்றத்தால் வந்த பாதிப்பைத் தள்ளிவைத்துப் பார்த்தால், அந்தக் காலாண்டில் சுமார் 104 கோடி லாபம். முந்தைய ஆண்டிலோ அதைத் தள்ளிய பிறகும் 700 கோடிக்கு மேல் நட்டம். அதாவது விமானம் ஓட்டும் தொழில் முன்னேறியிருந்தது. தலைப்பில் வந்த எண் அதற்கு நேர் எதிரான கதையைச் சொன்னது. கடைசி வரியில் உள்ள ஒரே எண்ணை மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு, பணத்தை அதிகம் இழக்க வைப்பதும் அதுதான்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இண்டிகோ தன் விமானங்களில் பெரும்பாலானவற்றைக் குத்தகைக்கு எடுத்துத்தான் வளர்ந்தது. குத்தகைப் பணம் டாலரில். 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இண்ட் ஏஎஸ் 116 என்ற கணக்கியல் விதிப்படி, இனி வரும் ஆண்டுகளில் கட்டவேண்டிய வாடகை முழுவதையும் இன்றைய மதிப்புக்குக் கணக்கிட்டு, கடன்போல பேலன்ஸ் ஷீட்டில், அதாவது சொத்தையும் கடனையும் காட்டும் அறிக்கையில், காட்டவேண்டும். அந்த விமானத்தைப் பயன்படுத்தும் உரிமை மறுபக்கத்தில் சொத்தாக ஏறும். சிக்கல் இங்கேதான். டாலர் கடனை ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் அன்றைய மாற்று விகிதத்தில் புதிதாக மதிப்பிடுவார்கள். சொத்தை அப்படி மதிப்பிடுவதில்லை, அது பழைய விகிதத்திலேயே நிற்கும். ஆகவே 100 கோடி டாலர் குத்தகைக் கடன் உள்ள ஒரு நிறுவனத்துக்கு, ரூபாய் மதிப்பு டாலருக்கு 1 ரூபாய் சரிந்தால் போதும், 100 கோடி ரூபாய் நட்டம் கணக்கில் ஏறிவிடும். 2025 ஜூன் இறுதியில் 86-க்குக் கீழே இருந்த டாலர், செப்டம்பர் இறுதியில் 89-ஐ நெருங்கியது.

சரி, அப்படியானால் செலாவணி நட்டம் வெறும் காகித நட்டம்தானே, கண்டுகொள்ளாமல் விடலாமா? கூடாது. இது இரண்டாவது தவறு. முதல் தவறைத் திருத்திக்கொண்டவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். இன்று கையைவிட்டுப் பணம் போகவில்லை என்பது உண்மை. ஆனால் ரூபாய் மீளாவிட்டால், வரும் மாதங்களின் வாடகையைக் கூடுதல் ரூபாய் கொடுத்துத்தான் கட்டவேண்டும். உள்நாட்டுப் பயணிகளிடம் ரூபாயில் வாங்கி டாலரில் செலவழிக்கும் எந்த நிறுவனத்துக்கும் இது நிஜமான சுமை. வெளிநாட்டு வழித்தடங்களில் வரும் வருமானம் கூடினால் இந்தச் சுமை ஓரளவு தணியும். அதனால் நான் இரண்டு எண்களையும் அருகருகே எழுதிவைத்துப் பார்ப்பேன், ஒன்றை விட்டு ஒன்றை நம்புவதில்லை.

2019-க்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போதும் இதே குத்தகைக் கணக்கியல் விதி இடறும். முன்பு வாடகை நேரடிச் செலவாக இருந்தது. இப்போது அதன் பெரும்பகுதி தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்துவிட்டது. தேய்மானத்துக்கும் வட்டிக்கும் முந்தைய லாபத்தை மட்டும் பார்த்தால் நிறுவனம் திடீரென்று செழித்ததுபோல் தெரியும். வாடகை எங்கும் போகவில்லை, கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது கையிருப்பு. தீபாவளிக்குச் சென்னையிலிருந்து மதுரைக்கு ஆகஸ்டிலேயே டிக்கெட் எடுத்தால், பணம் அன்றே நிறுவனத்துக்குப் போய்விடும். ஆனால் நீங்கள் பறக்கும் நாள்வரை அது வருமானம் இல்லை, பயணிக்குத் தரவேண்டிய பாக்கி. விமான நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் தெரியும் பெரிய தொகையில் இப்படி முன்பணமும் கலந்திருக்கும், பிணையாகக் கட்டுண்டு எடுக்க முடியாத தொகையும் இருக்கும். மொத்தக் கையிருப்பை மட்டும் பார்த்து மயங்காமல், தடையின்றிச் செலவழிக்கக்கூடியது எவ்வளவு என்று தேடுங்கள். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியபோது, முன்கூட்டியே டிக்கெட் எடுத்தவர்கள் பணத்துக்காகக் காத்துக்கிடந்தார்கள். பயணியின் முன்பணம் உண்மையில் ஒரு கடன் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

இருக்கை நிரம்பும் விகிதத்தைப் பெருமையாகப் பேசுவதும் வழக்கமாகிவிட்டது. 180 இருக்கை விமானத்தில் 162 பேர் தலா 4,000 ரூபாய் கொடுத்தால் 6.48 லட்சம். 144 பேர் தலா 5,000 கொடுத்தால் 7.2 லட்சம். அதிகக் காலி இருக்கைகளோடு பறந்ததே அதிகம் சம்பாதித்தது. இருக்கை-கிலோமீட்டருக்கு, அதாவது ஒரு இருக்கையை ஒரு கிலோமீட்டர் பறக்கவைப்பதற்கு, வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற இரண்டையும் பாருங்கள். அப்புறம், ஏப்ரல்–ஜூனை ஜூலை–செப்டம்பரோடு ஒப்பிடாதீர்கள். கோடை விடுமுறைக் காலமும் மழைக்காலமும் ஒன்றல்ல. போன ஆண்டின் அதே காலாண்டுதான் சரியான அளவுகோல்.

கடைசியாக, எல்லாரும் புரட்டிவிட்டுப் போகும் பக்கம்: கணக்கு எந்த அடிப்படையில் தயாரிக்கப்பட்டது என்ற குறிப்பும் தணிக்கையாளர் அறிக்கையும். நிறுவனம் தொடர்ந்து இயங்கும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு எழுதுவார்கள். அந்த அனுமானத்தில் ஐயம் இருந்தால் தணிக்கையாளர் அதைச் சொல்லவேண்டும். இயங்காது என்றாகிவிட்டால் சொத்துகளின் மதிப்பையே வேறு விதமாகப் போடவேண்டியிருக்கும், அதனால்தான் அந்த ஒரு பத்திக்கு இவ்வளவு கனம். முடிவுகள் எப்போது வருகின்றன என்பதையும் கவனியுங்கள். 2018 ஆகஸ்டில் ஜெட் ஏர்வேஸ் தன் காலாண்டு முடிவை வெளியிடாமல் தள்ளிப்போட்டது. 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. இடையில் எட்டு மாதங்கள் இருந்தன.